வண்டு ஊரும் அரிசி

1

இந்தக் கதை இன்று, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ராயப்பேட்டையில் ஓர் அரிசிக் கடை வாசலில் பிறந்தது. மணிக்கூண்டுக் கடிகாரத்தை நம்பலாம் என்றால் நேரமும் சரி. கடைக்காரர் ஷரஃபுதீன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மதுராந்தகத்துக்காரர்கிட்ட நான் இப்ப நெல்லே எடுக்கறதில்ல சார். மூட்டை அடியில பூச்சிமருந்துப் பொடியப் போட்டுட்டு, மருந்தே காட்டலன்னு சத்தியம் பண்ணி நம்ப வச்சுட்டாரு. செண்பகம் அம்மா முன்னாடி எங்க மானம் போச்சு. நேத்துகூட வந்து நின்னாரு. திருப்பி அனுப்பிட்டேன்."

அந்த விவசாயி ஏமாற்றவில்லை. ஷரஃபுதீனும் ஏமாற்றவில்லை. இது இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளை எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மயிலாப்பூர்வரை விறுவிறுவென்று நடந்தே வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மூச்சு வாங்குகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. வருகிற ஞாயிறு, மார்ச் 15. செண்பகத்தின் மகள் வர்ஷினிக்கும் ஷரஃபுதீனின் மனைவி ஜஹீதாவின் மகன் சைஃபுக்கும் அன்று முதல் பிறந்தநாள். இரண்டு அம்மாக்களும் பிரசவ வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிறந்தநாளைச் சேர்ந்தே கொண்டாடுவது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டவர்கள். இப்போது இருவரும் பேசி ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கதை முடிந்தாக வேண்டும்.

(நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். அவ்வப்போது கதை எழுதுவேன். என் கதைகள் அச்சுக்குப் போகும் முன் படிப்பதற்கு ஒரு முதல் வாசகர் உண்டு. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் படிக்க உட்காருவார். பொய்யான வரி எங்கே வந்தாலும் ஓரத்தில் ஒரு சுழி. இந்த முறை எத்தனை சுழி விழப்போகிறதோ.)

2

எப்படித் தொடங்குவது?

'கபாலீஸ்வரர் கோபுரத்தின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை' — வேண்டாம். பொற்கரங்களுக்கு நிச்சயம் சுழி.

'தாய்ப்பாலுக்கு அடுத்து ஒரு குழந்தை உண்ணும் முதல் உணவு எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் சமூகம்' — இது கட்டுரை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. செண்பகத்தை ஆட்டி வைத்த கேள்வி அதுதான்.

வர்ஷினிக்கு நான்கு மாதம் இருக்கும்போது, தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு டாக்டர் பேசினார். வயலில் அடிக்கிற பூச்சிமருந்து காயில் தங்கி, காயிலிருந்து தாய்க்கும் தாயிலிருந்து பிள்ளைக்கும் போகும் கதையைச் சொன்னார். செண்பகம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றே கேட்டாள். வீட்டுக்கு வந்ததும், பிரசவத்துக்குப் பரிசாக வந்த டப்பா மாவுகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினாள். "என் பொண்ணு வாய்ல வைக்கிற முதல் சோறு மருந்து படாததா இருக்கணும். ஒரே ஒரு வாய். அதை மட்டுமாவது நான் பாத்து குடுக்கறேன்" என்றாள்.

ஒரே ஒரு வாய்தான் கேட்டாள். வாசகரே, இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த மண்டபத்து மேடையில் அதற்கு 'இயற்கை வேளாண் விளைபொருள்' என்று பெயர். மாடவீதியில் காய் விற்கும் பங்கஜத்திடம் போய் அப்படியெல்லாம் கேட்க முடியாது. எனவே செண்பகம் வேறு மாதிரி கேட்டாள். கதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்:

"பங்கஜம், புழு இருக்கிற கத்திரிக்கா இருக்கா?"

"இன்னாம்மா நீ! ஊரே புழு இல்லாத காயாப் பொறுக்கினு போவுது. நீ புழு கீறதா கேக்கற? ஊட்ல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

"புழு உயிரோட இருந்தா மருந்து அடிக்கலன்னு அர்த்தம். குழந்தைக்கு."

பங்கஜம் ஒரு நிமிஷம் யோசித்தாள். மறுநாளிலிருந்து கூடையின் ஓரத்தில் தனியாக ஒரு குவியல் இருந்தது. "கொயந்தைக்கு எட்த்து வச்சேன். பாரு, புழு எப்டி கொழுகொழுன்னு கீது!"

3

(இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மூன்று மாதம் அந்த வீட்டில் திருவிழாதான். அதனால் கொஞ்சம் நீளும்.)

செண்பகத்தின் கணவனுக்கு குருபிரசாத் என்று பெயர் வைக்கிறேன். வங்கியில் வேலை. சாயங்காலமானால் கேரம். நல்லவன். கதையில் அவனுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை, பை தூக்குவதைத் தவிர.

செண்பகமும் ஜஹீதாவும் இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையோடு சென்னையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அடையாறில் ஒரு பங்களா வராந்தாவில் சனிக்கிழமை மட்டும் மருந்தில்லாத காய் கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். விடிந்ததும் ஓடினார்கள். கோணல்மாணலாக இருந்த கேரட்டுகளைப் பார்த்து இரண்டு பேரும் கைதட்டினார்கள். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, வெள்ளை வேட்டியில் வடிகட்டிக் காயவைத்தார்கள். (குருபிரசாத்தின் வேட்டி. கேட்கவில்லை.) அரிசிதான் கிடைக்கவில்லை.

ஜஹீதா ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். "ஊருக்கெல்லாம் அரிசி போடறீங்க. நம்ம புள்ளைக்கு மருந்தில்லாம ஒரு மூட்டை கிடையாதா?" ஷரஃபுதீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மதுராந்தகம் பக்கம் இரண்டு வருஷமாக மருந்தை நிறுத்திவிட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, கிச்சிலிச் சம்பா பச்சரிசி ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். கடையிலேயே மூட்டையைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக இரண்டு டின்களில் கொட்டினார்கள். அப்போது செண்பகம் உள்ளே திரைக்குப் பின்னால் வர்ஷினிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.*

* இந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் பகுதியில் இதுதான் கழுத்தை அறுக்கப்போகிறது.

ஒரு வாரத்தில் செண்பகத்தின் டின்னில் வண்டு வந்தது. அவள் ஜஹீதாவுக்குப் போன் செய்து கூவினாள்: "வந்துடுச்சு! வண்டு வந்துடுச்சு!" அங்கிருந்தும் அதே கூச்சல். ராயப்பேட்டையிலும் வண்டு. வேறு எந்த இரண்டு பெண்கள் அரிசியில் வண்டு வந்ததற்கு இப்படிக் குதித்திருப்பார்கள்!

4

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில் முதல் சோறு ஊட்டுவது வழக்கம். ஏழாம் மாதம், வியாழக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் என்று குறித்தாயிற்று. நங்கநல்லூரிலிருந்து செண்பகத்தின் அண்ணன் குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வர்ஷினி பட்டுப்பாவாடையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். செண்பகம் அரிசி டின்னைத் திறந்து முறத்தில் கொட்டினாள்.

"என்னங்க! வண்டு ஒண்ணுகூட இல்ல!"

குருபிரசாத் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தில் — (இங்கே ஒரு வரியை எழுதி அடித்துவிட்டேன். பிறகு வருகிறேன்.)

"போன வாரம்கூட ஓடிட்டு இருந்துச்சுங்க. எல்லாம் எங்க போச்சு?" அவள் அரிசிக்குள் கையை விட்டு எடுத்தாள். விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "மருந்து! மருந்துப் பொடி கலந்திருக்கு!"

அந்த நேரம் பார்த்து ஜஹீதா சைஃபோடு படியேறி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வந்த ஆட்டோவிலேயே திரும்பி ஓடினாள். எட்டே கால் மணிக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து நீட்டினாள். செண்பகம் மூடியைத் திறந்தாள். உள்ளே வண்டு சுகமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் செண்பகத்தின் முகம் மாறியது.

"உங்க பங்குல மட்டும் வண்டு ஓடுது."

"ஒரே மூட்டைதானே செண்பகம்."

"பிரிக்கும்போது நான் உள்ள இருந்தேன். எந்த மூட்டையில இருந்து எதைப் போட்டாருன்னு யார் கண்டா? உங்க பிள்ளைக்கு நல்லது, எங்க பிள்ளைக்குப் பொடி போட்டதா?"

ஜஹீதா தூக்கைப் படியில் வைத்தாள். "என் புள்ளைக்குக் குடுக்கறதைத்தான் உன் புள்ளைக்குக் கொண்டாந்தேன்" என்றாள். சைஃபின் முகத்தைத் தோளோடு சேர்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

செண்பகம் கணவனைத் தெருமுனைக் கடைக்கு விரட்டினாள். அவன் காகிதப் பையில் அரை கிலோ பச்சரிசி கொண்டுவந்தான். அதில் ஒரு வண்டு இருந்தது. அவள் அதைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தாள். "பாத்தீங்களா, கடை அரிசியிலகூட வண்டு இருக்கு."

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வர்ஷினி முதல் வாய் சோறு உண்டாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கைச் சுழற்றி யோசித்தாள். பிறகு 'ஆ' என்று வாயைத் திறந்தாள் பாருங்கள், வீடே சிரித்தது! செண்பகம் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று மாதம் அலைந்து, கடைசியில் கடை அரிசி.

5

இப்போது குற்றவாளி வேண்டும்.

முதல் பிரதியில் ஷரஃபுதீனையே குற்றவாளியாக்கினேன். கதை சிக்கலில்லாமல் முடிந்தது. படித்துப் பார்த்ததும் தாளைக் கசக்கி எறிந்தேன். நேற்றுவரை எனக்கு டீ வாங்கிக் கொடுத்த மனிதர்.

இரண்டாம் பிரதியில் ஒரு வேலைக்காரி வந்தாள். அவள் வழக்கம்போல அரிசிக்கு போரிக் பவுடர் கலந்துவிட்டாள் என்று எழுதினேன். வண்டு வராமலிருக்க நம் வீடுகளில் பாதிப் பேர் செய்கிற வேலை அது. பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. அந்த வீட்டில் வேலைக்காரியே கிடையாது. கதைக்காக ஒரு ஏழைப் பெண்ணை உண்டாக்கி, உண்டாக்கிய கையோடு அவள் மேல் பழியும் போட்டேன். கிழித்துவிட்டேன்.

ஆனால் போரிக் பவுடர் என்பது உண்மை. அதை எழுதியதும் பேனா தானாக நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் போரிக் பவுடர் டப்பா ஒன்றுதான் உண்டு. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். காய் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகப் பலகையில் தூவுவது.

6

எனக்கு குருபிரசாத்தின் மேல் சந்தேகமாக இருக்கிறது.

இந்தக் கதையில் அவன் எல்லாக் காட்சியிலும் இருக்கிறான். ஒன்றிலும் வாயைத் திறப்பதில்லை. ஜஹீதா படியிறங்கும்போது எங்கே நின்றான்? நாலாம் பகுதியில் நான் அடித்த வரி இது: 'அவன் முகத்தில் பெருமை தெரிந்தது.' வண்டு ஒன்றுகூட இல்லை என்று அவள் சொன்னதும் அவன் பாராட்டுக்குக் காத்திருந்தான். வண்டு இல்லாததற்கு யாராவது பெருமைப்படுவார்களா, அதற்கு அவனே காரணமாக இல்லாவிட்டால்?

போதும். எத்தனை நாளைக்கு இந்த அப்பாவியை முன்னால் நிறுத்திக்கொண்டு நான் பின்னால் ஒளிந்திருப்பது? குருபிரசாத் என்று யாரும் இல்லை. வங்கியும் இல்லை. கேரம் ஆடுகிறவன் நான். வேட்டி என்னுடையது. என் பெயர் ஜவஹர்.

செண்பகம், நான்தான் கலந்தேன்.

7

எழுதிவிட்டேன்! தெருவில் இறங்கி ஓட வேண்டும்போல இருக்கிறது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி 'வாசகரே' இல்லை. உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதை எழுதவில்லை. சுழி போடுவதற்கு முன்னால் கேள்.

நீயும் ஜஹீதாவும் அடையாறு போயிருந்த சனிக்கிழமை. டின் மூடியில் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. உன் அண்ணன் வந்து பார்த்தால் என்ன கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அதைவிட இன்னொன்று. மூன்று மாதமாக நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளுக்காக ஓடுகிறீர்கள், நான் பை தூக்குகிறேன். நம் பெண்ணின் முதல் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எங்கள் வீட்டில் அரிசி டின் நிறைந்ததும் அப்பா ஒரு கை போரிக் பவுடர் போட்டுப் பிசறுவார். வீட்டு ஆண்பிள்ளை செய்கிற ஒரே சமையலறை வேலை. நானும் அதையே செய்தேன். மருந்து என்றால் வயலில் அடிப்பதுதான் என்று நினைத்தேன். கண் கழுவுகிற பொடி, கேரம் போர்டு பொடி, இது எப்படி மருந்தாகும்? களைந்தால் போய்விடும் என்று நம்பினேன். பிறகு ஒரு டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது என்றார். அன்று நீ விரலைத் தேய்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால் — இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அன்று காலையே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். உன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன். ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஜஹீதா படியிறங்கிவிட்டாள். பிறகு ஐந்து மாதம் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது செண்பகம்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை உட்காரவிடாமல் அடிக்கிறதே, அது இதுதான். என்னை விரட்டினாயே, தெருமுனைக் கடைக்கு? நான் போகவில்லை.

படியில் ஜஹீதாவின் தூக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். நேற்றைய செய்தித்தாளை விரித்து, வெயிலில் அரிசியைப் பரப்பினேன். வண்டுகள் நாலா பக்கமும் ஓடின. எட்டு இருபது. ஊதினேன், பொறுக்கினேன், விரட்டினேன், ஒன்றிரண்டைக் கெஞ்சக்கூடச் செய்தேன். காகிதப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு கீழே வந்தேன். ஒன்று மட்டும் தப்பி உள்ளேயே இருந்துவிட்டது. கடை அரிசியிலகூட வண்டு இருக்கு என்று நீ சிரித்தாயே, அந்த வண்டு.

புரிகிறதா? அது கடை அரிசி இல்லை! நீ கேட்ட ஒரே ஒரு வாய், மருந்து படாத அந்த ஒரு வாய், அவளுக்குக் கிடைத்துவிட்டது. உன் மூன்று மாத அலைச்சலில் ஒரு நாள்கூட வீணாகவில்லை. வர்ஷினி முதன்முதலில் உண்டது சைஃபின் பங்கு. அவன் அம்மா ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அரிசி.

8

முடிவு.

(அ) நீ இந்தத் தாள்களைக் கிழித்து என் முகத்தில் வீசுகிறாய். நடக்கக்கூடியது.

(ஆ) நீ சிரிக்கிறாய். பாதிச் சிரிப்பில் அழுகிறாய். நேரே போனை எடுக்கிறாய். இதை நான் நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜஹீதா போனை எடுக்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

(இ) நீ ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து, ஓரத்தில் — தெரியவில்லை.

ஒரு பகுதி மட்டும் என்னுடையது, அதை நீ திருத்த முடியாது. நாளை சனிக்கிழமை, கடை திறக்கும்போது ராயப்பேட்டையில் ஷரஃபுதீன் முன்னால் நிற்பேன். இங்கே எழுதியதை அப்படியே சொல்வேன். அங்கிருந்து மதுராந்தகத்துக்குப் பஸ் ஏறுவேன். அந்த மனிதரின் பெயரைக்கூட இதுவரை நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கதையில் அவருக்குப் பெயர் இல்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது. கடைசித் தாளை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

கேரம் போர்டுக்குப் பின்னால் ஐந்து மாதமாக ஒளித்து வைத்திருந்த தூக்கை எடுத்துக் கழுவி, இந்தத் தாள்களின் மேல் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் ஜஹீதா என்று பெயர் வெட்டியிருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் உனக்கு இல்லை. அதில் என்ன போடுவது, யார் கொண்டுபோவது என்று நீயே எழுது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். வர்ஷினி என் மடியில் இருக்கிறாள், அவளுக்குப் பசிக்கிறது.